5 கி.மீ. சாலை ஓட்டத்தில் முற்பாதியை அடக்கி ஓடுவது கடலோரச் சாலைக்கு ஒத்துவருமா?

முதல் கிலோமீட்டரை வேண்டுமென்றே நிதானமாக ஓடிப் பிற்பாதியில் வேகத்தைக் கூட்டும் முறையை 5 கி.மீ. போட்டியில் யாராவது முயன்றிருக்கிறீர்களா, இராமநாதபுரம் பக்கத்துச் சாலைகளில் அது பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முயன்றிருக்கிறேன், பலன் தந்தது. ஆனால், நம் கடற்கரையில் இந்த முறையைக் கைக்கடிகாரத்தை நம்பிச் செய்ய முடியாது, மூச்சை நம்பித்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓட்டம் தொடங்கியவுடன் தசைகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் முழு அளவில் வந்து சேர ஓரிரு நிமிடங்கள் ஆகும். அதுவரை ஏற்படும் பற்றாக்குறையை உடல் வேறு வழியில் ஈடுகட்டிக்கொள்கிறது. கூட்டத்தின் உற்சாகமும் சேர்ந்துகொள்வதால் அந்தக் கடன் அப்போது நமக்குத் தெரிவதில்லை, மூன்றாவது கிலோமீட்டரில்தான் தெரிகிறது. ஆகவே தொடக்கத்தில் சற்று அடக்கி ஓடுவதில் நியாயம் இருக்கிறது. எனினும் 5 கி.மீ. குறுகிய தூரம் என்பதை மறக்கக் கூடாது. முதல் கிலோமீட்டரில் அரை நிமிடத்தை விட்டுவிட்டால் அதை மீட்டெடுக்க மீதித் தூரம் போதாது. உகாண்டா ஓட்டக்காரர் ஜோஷுவா செப்டகாய் 2020 ஆகஸ்ட் 14 அன்று மொனாக்கோவில் 5000 மீட்டரை 12 நிமிடம் 35.36 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது, சாதனை வேகத்தைக் காட்டியபடி ஓடுதளத்தின் ஓரத்தில் நகர்ந்த விளக்குகளின் துணையுடன் ஏறக்குறைய ஒரே சீரான வேகத்தில்தான் ஓடினார். காற்றில்லாத இடத்தில் சீரான வேகமே சிறந்தது என்றுதான் நானும் சொல்வேன்.

நம் ஊரில் காற்று உண்டு, அதுதான் கணக்கை மாற்றுகிறது. கச்சான் எனும் மேல்காற்று வீசும் ஆனி மாதத்தில், கீழக்கரையிலிருந்து ஏர்வாடி செல்லும் சாலையில் நடந்த ஒரு சிறு போட்டியில் இந்த முறையைப் பின்பற்றினேன். 2.5 கி.மீ. மேற்கே போய்த் திரும்பி வர வேண்டும். அதாவது போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. எதிர்க்காற்று பறிக்கும் அளவைப் பின்காற்று திருப்பித் தருவதில்லை. எனவே, எதிர்க்காற்றில் திட்டமிட்ட நேரத்தைப் பிடிக்க முயல்கிறவர் இரட்டை நட்டம் அடைகிறார்.

கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்பது என் இலக்கு. முதல் கிலோமீட்டரை 5:15, இரண்டாவதை 5:12 என்று ஓடினேன். இந்த இரண்டிலும் நான் காத்த ஒரே விதி, மூன்று காலடிக்கு மூச்சை இழுத்து இரண்டு காலடிக்கு விடும் ஒழுங்கு கலையக் கூடாது என்பதே. சாலையோரம் சீமைக்கருவேலம் அடர்ந்த இடங்களில் காற்று தடைபட்டுக் கால் தானாக விரைந்தது. வெட்டவெளி வந்ததும், பனையோலைகள் சடசடக்கும் ஓசை காதில் விழும்போதே வேகம் குறைந்தது. இரண்டையும் அதன் போக்கில் விட்டுவிட்டேன். என்னைவிடச் சற்று உயரமான இருவர் முன்னே ஓடியதால், அவர்களுக்குப் பின்னால் ஓரடி, ஈரடி இடைவெளியில் ஒட்டிக்கொண்டதும் பெரிய உதவி. எதிர்க்காற்றில் தனியாக ஓடுவதைவிட, ஐந்து விநாடி மெதுவான ஒரு குழுவுக்குள் இருப்பது மேல்.

திரும்பிய பிறகுதான் எச்சரிக்கை அதிகம் வேண்டும்; இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பின்காற்றின் வேகமும் நம் ஓட்ட வேகமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால், உடலைச் சுற்றிக் காற்றே அசையாதது போல ஆகிவிடுகிறது. அதுவரை முன்கையில் உலர்ந்து உப்பாகப் படிந்திருந்த வியர்வை, திரும்பிய சில நூறு மீட்டருக்குள் முழங்கையிலிருந்து சொட்டத் தொடங்கியது. பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடலோர ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாவிட்டால் உடல் சூடு இறங்காது. திரும்பிய உடனே பாய்ந்தவர்கள் நான்காவது கிலோமீட்டரில் தளர்ந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் அரை கிலோமீட்டர் பொறுத்திருந்துதான் வேகத்தைக் கூட்டினேன். மூன்றாவது கிலோமீட்டர் 5:05, நான்காவது 4:46, கடைசி 4:36. மொத்தம் 24 நிமிடம் 54 விநாடி. இந்த வேகத்தில் காற்றின் பங்கும் உண்டு என்பதால் முழுப் பெருமையையும் முறைக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் கடைசிக் கிலோமீட்டரில் கால்களில் மிச்சம் இருந்தது, அந்த மிச்சம் முற்பாதியில் சேர்த்தது.

பயிற்சிக்கு இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் ஏற்றது. 400 மீட்டர் சுற்றை 2 நிமிடம் 6 விநாடியில் ஓடிப் பழகினால், 5:15 என்ற வேகத்தில் மூச்சு எப்படி இருக்கும் என்பது மனத்தில் பதிந்துவிடும். பிறகு சாலையில் அந்த மூச்சைத் தேடிக்கொள்ளலாம். பாம்பன் சாலைப் பாலத்தில் ஓடிப் பழகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இந்தக் கடற்கரையில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான் என்றாலும், வாகன நெரிசலில் அங்கே வேகப் பயிற்சி வேண்டாம்.

உங்கள் போட்டி எந்த மாதம், எந்தத் திசையில் தொடங்குகிறது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். வாடைக் காலத்தில் இதே சாலையில் மேற்கே போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். அப்போது முதல் கிலோமீட்டர் 4:55 என்று வந்தாலும் கவலைப்படாமல், மூச்சின் ஒழுங்கை மட்டும் காத்து, திரும்பும்போது முன்னால் ஒட்டிக்கொள்ள ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.