வயதான பெற்றோருக்காக எதை முதலில் ஒழுங்கு செய்ய வேண்டும்? வீட்டை இப்போதே என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: அப்பாவுக்கு 74 வயது, ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். அம்மாவுக்கு 69. இருவரும் கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார்கள். நீங்கள் பெங்களூரில், தங்கை திருச்சியில். அப்பா கட்டிய வீட்டை இப்போதே உங்கள் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ளும்படி பெரியப்பா சொல்கிறார்.

எழுதி வாங்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் கவனிக்க வேண்டியவை வேறு.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெற்றோர் காலமான பிறகு கிளைக்கு வருகிறவர்களுக்கு எப்படியும் ஒரு வழி இருக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நியமனதாரர் (நாமினி) படிவம் என்று நாலு நடை நடந்தால் பணம் கைக்கு வந்துவிடும். உண்மையில் திண்டாடியவர்கள், பெற்றோர் உயிரோடு இருக்கும்போது வந்தவர்கள். அப்பா பக்கவாதத்தில் படுத்திருப்பார். மருத்துவமனை முன்பணம் கேட்கும். வைப்புத் தொகை லட்சக்கணக்கில் இருக்கும், ஆனால் ரசீது அவர் பெயரில் மட்டும் இருக்கும். மகன் கண்ணீரோடு நிற்பான். எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாரும் சாவுக்குப் பிறகு என்ன என்று யோசிக்கிறார்கள். அதற்கு முன்னால் கையெழுத்துப் போட முடியாத ஆண்டுகள் சில வரக்கூடும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அப்பா சார்பில் நீங்கள் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அப்பா தெளிவாக இருக்கும்வரை போதும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. நினைவு தப்பிய பிறகும் செல்லும் பவர் என்று நம் நாட்டில் ஒன்று கிடையாது. அந்த நிலை வந்துவிட்டால் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2024இல், கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை அவருடைய சிகிச்சைக்காக விற்க, மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு வரை போய்த்தான் அனுமதி பெற்றார். மனைவிக்கே இந்தப் பாடு.

ஆகவே முதல் வேலை வங்கியில். அப்பா அம்மா இருவரையும் அழைத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். எல்லாக் கணக்குகளையும் இருவர் பெயருக்கும் மாற்றி, ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் வையுங்கள். வைப்புத் தொகையில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. முறை அப்படி இருந்தாலும், முதிர்வுத் தேதிக்கு முன்னால் உடைக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் இறந்துவிட்டால் மற்றவர் மட்டும் உடைக்க அனுமதி என்று முன்கூட்டியே இருவரும் எழுதிக் கொடுக்கலாம். கேட்டால்தான் அந்தப் படிவத்தை எடுத்துத் தருவார்கள். மொத்தப் பணத்தையும் ஒரே ரசீதாகப் போடாமல் சிறு சிறு ரசீதுகளாகப் பிரிப்பதும் நல்லது. ஒரு பகுதி சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும். வட்டி குறைவுதான், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அவசரப் பிரிவில் நிற்கும்போது கூடுதல் வட்டி யாருக்கு வேண்டும்?

அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்திருந்தால் இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட முடியாத வாடிக்கையாளரிடம் கைரேகை வாங்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகை வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் விதியே இருக்கிறது. சாட்சிகள் இருவர், அதில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். மை அட்டையோடு வீடு தேடிப் போய், கட்டிலில் கிடந்த பெரியவரின் விரலை அவர் மனைவி புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுக்க, ரேகை எடுத்து வந்திருக்கிறேன். இளம் அதிகாரிகள் சிலருக்கு இந்த விதி தெரியாது. குரலை உயர்த்தாமல், கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆனால் என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிகிறவரைதான் ரேகைக்கும் மதிப்பு.

அடுத்தது ஓய்வூதியம். அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். ஓய்வூதிய ஆணையில் ‘ஜெயலட்சுமி’, ஆதாரில் ‘ஜெயலெட்சுமி’, வங்கியில் இனிஷியல் வேறு என்று இருந்தால் அந்த ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். 80 வயது நிறைந்ததும் கூடுதல் ஓய்வூதியம் கிடைப்பது அதை வைத்துத்தான். இதையெல்லாம் அப்பா இருக்கும்போதே திருத்துவது எளிது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றுக்காகக் கருவூலத்துக்கு அலைய வேண்டியதில்லை. தபால்காரர் வீட்டுக்கு வந்து, 70 ரூபாய் வாங்கிக்கொண்டு, விரல் ரேகை வைத்து முடித்துக் கொடுத்துவிடுகிறார்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் உங்கள் தயக்கம் என்று தோன்றுகிறது. “உங்களுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்” என்று ஆரம்பித்தால் எந்த அப்பாவுக்கும் முகம் சுருங்கும். “அம்மாவுக்கு ஏடிஎம்மில் பணம் எடுக்கத் தெரியுமா அப்பா?” என்று கேட்டுப் பாருங்கள். மனைவி தவித்து நிற்கக்கூடாது என்ற எண்ணம் அந்தத் தலைமுறை ஆண்களுக்கு உண்டு. பீரோவிலிருந்து மஞ்சள் பை தானாக வெளியே வரும். உள்ளே காலாவதியான எல்ஐசி பாலிசியும், புதுப்பிக்காமல் விட்ட ரசீதும், எவருக்கோ கொடுத்த கடனுக்கு வாங்கிய புரோ நோட்டும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுத வையுங்கள். ஆசிரியர் அல்லவா, ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் கோடு போட்டுத் தலைப்பிட்டு எழுதுவார்.

இனி வீடு. தான செட்டில்மெண்ட், அதாவது வீட்டை இப்போதே இனாமாகக் கொடுக்கும் பத்திரம், எழுதி, அதை நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகு, அப்பா நினைத்தால் திரும்ப வாங்க முடியாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது: பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கியவர் பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அந்த நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், பெரியவர்களுக்குச் சாதகமாக இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றது. நீங்கள் அப்படிப்பட்ட பிள்ளை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொந்த வீட்டில், பட்டா மகன் பெயரில் இருக்கக் குடியிருப்பது ஒரு மாதிரிதான். சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசிப்பார்கள். உங்களுக்கே தொழிலில் கடன் வந்து வீடு ஜப்திக்கு வந்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

உயில் எழுதச் சொல்லுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. இரண்டு சாட்சிகள் அவசியம். சொத்து பெறுகிறவர்கள் சாட்சியாக வேண்டாம். குடும்ப மருத்துவர் ஒரு சாட்சியாக இருந்தால், எழுதும்போது அப்பா தெளிவாக இருந்தாரா என்ற கேள்வியே பின்னால் எழாது. அம்மா இருக்கும்வரை அவருக்கு ஆயுள்கால அனுபவ உரிமை, பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுதலாம். மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். உயில் இல்லாவிட்டால் இந்து வாரிசுரிமைப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு; உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. தங்கைக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று என்று பெரியப்பா சொல்லக்கூடும். சட்டம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது.

வங்கிக் கணக்கில் நியமனதாரராக உங்கள் பெயர் இருப்பதால் பணம் உங்களுடையது ஆகிவிடாது. பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பதுதான் நியமனதாரரின் வேலை. தங்கையிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

உயிர் காக்கும் கருவிகளில் நீண்ட நாள் வைத்திருக்க வேண்டாம் என்று அப்பா அம்மா நினைத்தால், அதையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும்.

கடைசியாக, பார்த்துக்கொள்ளும் செலவு. வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் நாள் வரும். அந்தச் சம்பளத்தை அப்பாவின் பணத்திலிருந்தே கொடுங்கள். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், அது இதற்குத்தான். அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்கென்று பொத்திவைத்து, பெற்றவர்களுக்கு மலிவான ஆளைத் தேடுகிற குடும்பங்களைப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது. மாதக் கணக்கை நீங்களும் தங்கையும் பார்க்கும்படி ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். உங்களில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து பார்த்துக்கொள்ள நேர்ந்தால், அது உங்கள் மனைவியாகவே இருந்தாலும், அவருக்கும் மாதம் ஒரு தொகை போகட்டும். உயிலில் அவருக்குக் கூடுதலாக ஏதாவது எழுத அப்பா விரும்பினால் யாரும் குறுக்கே நிற்காதீர்கள்.