வெள்ளியங்கிரி இறக்கம்

வணக்கம். போன பங்குனியில் நண்பர்களோடு கோவைக்குப் பக்கத்தில் உள்ள வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறினேன். தினமும் காலையில் ஒரு மணி நேரம் மைதானத்தில் நடப்பவன் என்பதால் ஏற்றம் சிரமமாக இல்லை. இறங்கும்போதுதான் வினை. முதல் மலைப் படிகளில் தொடை நடுங்கி, முழங்கால் மடங்கி, கூட வந்தவர்கள் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்கள். மூன்று நாள் நாற்காலியில் உட்கார முடியவில்லை. வயது 46. வரும் மாசியில் மறுபடி போக ஆசை. 68 வயது அப்பாவும் வருகிறேன் என்கிறார். நடையை இரண்டு மணி நேரமாக்கினால் போதுமா?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. சமதளத்தில் நடப்பது மூச்சுக்கு நல்லது. இறக்கத்துக்கு அது பயிற்சி ஆகாது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். மூச்சு வாங்காததால் எளிதாகத் தோன்றும். ஆனால் நீளும்போது சுமை தாங்கும் தசையின் இழைகள்தான் அதிகம் நைகின்றன. அந்த வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். உங்களை நாற்காலியில் உட்காரவிடாதது அதுதான். அதிலும் வெள்ளியங்கிரியில், ஏழு மலை ஏறிக் களைத்த காலோடு, பலரும் இரவெல்லாம் கண்விழித்த உடம்போடு, செங்குத்தான முதல் மலைப் படிகளைக் கடைசியில் இறங்குகிறோம். தொடை நடுங்காமல் என்ன செய்யும்?

ஒருமுறை அளவாக இறங்கிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு நைந்துபோவதில்லை. ஆகவே இறங்கிப் பழகுங்கள்.

வீட்டு வாசற்படி போதும். படியின் ஓரமாக வலது காலில் நில்லுங்கள். ஒரு கை சுவரில் இருக்கட்டும். மனத்துக்குள் நான்கு எண்ணியபடி வலது முழங்காலை மடக்கி, இடது குதிகாலைத் தரையை நோக்கி மெல்ல இறக்குங்கள். குதிகால் தரையைத் தொட்டதும், எடையை அதில் போடாமல் மேலே வாருங்கள். வலது முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. இரண்டாவது கால்விரலுக்கு நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் அந்த உயரம் உங்களுக்கு இப்போது அதிகம். ஒரு செங்கல் உயரத்தில் தொடங்குங்கள். காலுக்கு எட்டு முறை, வாரத்தில் மூன்று நாள். முழங்கால் மூட்டுக்குள்ளேயே வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு மாதம் கழித்துச் சென்னிமலைக்குப் போங்கள். திருப்பூர்க்காரருக்கு 1,320 படிகள் பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. முதல் தடவை வண்டியில் மேலே போய், படி வழியாக இறங்குங்கள். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அடுத்தடுத்த வாரங்களில் ஏறியும் இறங்கலாம். காலடியைக் குறுக்கி வையுங்கள். பாதம் பொத்தென்று விழும் சத்தம் கேட்டால் தொடை தளர்ந்துவிட்டது என்று பொருள்; அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். வெள்ளியங்கிரிக்குப் பத்து நாள் முன்பே இந்தக் கடும்பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முந்தைய இரண்டு இரவுகள் நன்றாகத் தூங்குங்கள்.

அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடியை ஏறும்போது ஊன்றிவிட்டு, இறங்கும்போது தோளில் சாத்திக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. இறக்கத்தில்தான் அது அதிகம் தேவை. முதலில் தடி கீழ்ப்படிக்குப் போகட்டும், பிறகு கால்.

அப்பா விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2024 பருவத்தில் இந்த மலை ஏறியவர்களில் பலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பு வந்தும் இறந்தார்கள். பாதி மலையில் நெஞ்சு வலித்தால் டோலி கட்டித்தான் கீழே கொண்டுவர வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் மூன்றையும் முதலில் பரிசோதியுங்கள். மருத்துவர் சரி என்ற பிறகு, அவரும் உங்களோடு சென்னிமலையில் பழகட்டும். அங்கே நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் இந்தப் பயணம் அவருக்கு வேண்டாம். பூண்டியில் அடிவாரக் கோயிலில் அவர் தரிசனம் செய்யட்டும். துணைக்கு வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துப் போங்கள்.