அம்மா வயித்துக்குள்ள ஜெல்லி... மூணு மாசம்தானா டாக்டர்?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயசு. ஒரு வருஷமா வயிறு மட்டும் பெருசாகிட்டே வந்துச்சு, கேஸுன்னு நினைச்சு விட்டுட்டோம். சினைப்பைக் கட்டின்னு ஆபரேஷனுக்குப் போனா உள்ள பூரா ஜெல்லி, கொஞ்சம் எடுத்துட்டு மூடிட்டாங்க. பயாப்ஸியில 'சூடோமிக்ஸோமா பெரிட்டோனி, லோ கிரேட்'னு இருக்கு. சொந்தக்காரங்க மூணு மாசம்தாங்கிறாங்க. - ஒரு மகள், திருநெல்வேலி

பதில்: மொதல்ல அந்த மூணு மாசக் கணக்கை மறந்துடும்மா. இது பத்து லட்சம் பேர்ல வருஷத்துக்கு ஓரிருவருக்கு வர்ற நோய், நிறைய டாக்டர்களே நேர்ல பாத்திருக்க மாட்டாங்க, சொந்தக்காரங்களுக்கு எங்க தெரியப்போகுது!

பெரும்பாலும் குடல்வால்லதான் ஆரம்பிக்கும். அங்க ஒரு சின்னக் கட்டி வெடிச்சு சளி மாதிரி ஒண்ணு வயித்துக்குள்ள கசிஞ்சு, வருஷக்கணக்கா மெதுவா சேரும். வயிறு உப்பும், பசி குறையும், சிலருக்கு புதுசா குடலிறக்கம் வரும், அவ்ளோதான். பொம்பளைங்கன்னா சினைப்பைக் கட்டின்னு நினைச்சு திறக்கிறது ரொம்ப சகஜம், உங்க டாக்டரைத் திட்டாதீங்க. ஊசி போட்டு உறிஞ்சிடலாமேன்னு யாராவது சொல்வாங்க, கெட்டி ஜெல்லி ஊசியில வராது.

வைத்தியம்னா ஜெல்லியையும் அது ஒட்டின சவ்வையும் முழுசா எடுத்துட்டு, அதே ஆபரேஷன்ல சூடு பண்ணின கீமோ மருந்தை வயித்துக்குள்ள ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஓட விடுவாங்க, பேரு ஹைபெக். பெரிய ஆபரேஷன்தான், பத்து மணி நேரம் கூட ஆகும், ஐசியூ வாசமும் உண்டு, லேசுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்படி வைத்தியம் பண்ணிக்கிட்ட 2298 பேரைப் பத்தி 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, 10 வருஷம் கழிச்சும் 100க்கு 63 பேர் உயிரோட இருந்தாங்க. லோ கிரேட்னா, அதாவது மெதுவா வளர்ற வகைன்னா, நிலைமை இன்னும் நல்லாவே இருக்கும், வேகமா வளர்ற ஹை கிரேட்னாதான் கஷ்டம். நெட்ல தேடினா நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் 1993ல இதுலதான் போனாங்கன்னு வரும், பதறாதீங்க, அப்போ இந்த ஆபரேஷன் ரொம்ப சில இடத்துலதான் இருந்துச்சு.

அதனால பக்கத்து ஊர்லயே மறுபடி திறக்க விடாதீங்க, வயிறு எத்தனை தடவை திறக்குறாங்களோ அத்தனைக்கு குடல் ஒட்டிக்கும், அடுத்த ஆபரேஷன் சிக்கலாகும். சிடி ஸ்கேன் டிஸ்க், பயாப்ஸி ஸ்லைடு, ஆபரேஷன் நோட்ஸ் மூணையும் எடுத்துக்கிட்டு ஹைபெக் பண்ற பெரிய கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போங்க, "இந்த நோய்க்கு இதுவரை எத்தனை பேருக்குப் பண்ணிருக்கீங்க?"ன்னு கூச்சப்படாம கேளுங்க. நடுவுல வாந்தி, வயித்துவலி, காத்துப் பிரியாம இருக்குன்னா குடல் அடைச்சிருக்கலாம், அன்னிக்கே அட்மிட் பண்ணிடுங்க.