‘தாய்மதம் திரும்புதல்’ என்றால் என்ன? எந்த இடத்தில் அப்படிச் சொல்கிறார்கள்?

வேறு மதத்துக்குப் போனவரோ, போனவரின் பிள்ளை பேரப்பிள்ளைகளோ குடும்பத்தின் பழைய மதத்துக்கே வருவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் வழக்கில், கிறிஸ்தவத்திலிருந்தோ இஸ்லாத்திலிருந்தோ இந்து மதத்துக்கு வருவதை மட்டுமே இது குறிக்கிறது. இந்து சீர்திருத்த இயக்கமான ஆரிய சமாஜத்தார் இதைச் ‘சுத்தி’, அதாவது தூய்மைப்படுத்துதல், என்பார்கள். 2014 டிசம்பரில் ஆக்ராவில் முஸ்லிம் குடும்பங்களை இந்து மதத்துக்கு மாற்றிய நிகழ்ச்சி செய்தியானபோது ‘கர் வாப்சி’ (வீடு திரும்புதல்) என்ற இந்திச் சொல் நம் பத்திரிகைகளிலும் புழங்கியது.

மேடைப் பேச்சை விட்டுவிட்டுப் பார்த்தால், நம் பக்கம் இந்தச் சொல் அதிகம் அடிபடுவது சாதிச் சான்றிதழ் விஷயத்தில்தான். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கே பட்டியல் சாதித் தகுதி. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும். அவர் தாய்மதம் திரும்பினால் பழைய தகுதி தானாக வந்துவிடுமா? வராது.

கோலார் தங்கவயல் தனித்தொகுதி வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1967 தேர்தலில் அங்கே வென்ற எஸ். ராஜகோபால், இடையில் கிறிஸ்தவராகிப் பிறகு இந்து மதத்துக்குத் திரும்பியவர். இந்து ஆனது சரி, ஆதிதிராவிடர் சாதிக்குள் மீண்டும் சேர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்று அந்த வெற்றி செல்லாமல் போனது. அதே மனிதர் 1972இலும் வென்றார், மறுபடியும் வழக்கு. இந்த முறை, சாதியினர் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்று நடத்தியதும் பிள்ளைகள் ஆதிதிராவிடர்களாக வளர்ந்ததும் சாட்சியமாக வந்தன. 1975இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

2015இல் கேரளத்தின் கே.பி. மனு வழக்கில் நீதிமன்றம் இதையே மூன்று நிபந்தனைகளாக்கியது: முன்னோரின் சாதிக்குச் சான்று வேண்டும், பழைய மதத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் கிறிஸ்தவமாகியிருந்தது. ஆனாலும் அவர் வென்றார்.

எனக்கு உறுத்துவது அந்த மூன்றாவது நிபந்தனைதான். சாதி இழிவு தாங்காமல் எத்தனையோ பேர் மதம் மாறினார்கள். மாறிய இடத்திலும் பல ஊர்களில் தனிக் கல்லறையும் தனி வரிசையும் இருந்தன. இழிவு போகவில்லை, சலுகை மட்டும் போனது. அதைத் திரும்பப் பெற, இவன் எங்கள் சாதிதான் என்று ஒரு சமூகம் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. தாய்மதம் என்ற பாசமான சொல்லில் இந்தச் சங்கடம் எதுவும் தெரிவதில்லை.

நீங்கள் சான்றிதழுக்காகக் கேட்டிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நான் இந்துவாகத்தான் வாழ்கிறேன் என்று வாயால் சொன்னால் போதாது. ஞானஸ்நானம் பெற்று, தேவாலயத்துக்கும் போய்க்கொண்டிருந்த புதுச்சேரிப் பெண் ஒருவரின் கோரிக்கையை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மதம் திரும்பியதற்குச் சடங்கோ வெளிப்படையான அறிவிப்போ எதுவும் அவரால் காட்ட முடியவில்லை.