லாடத்தைக் கழற்றினால் குளம்பு தேறுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அருகே தோப்பில் ஏழு வயதுப் பெண் குதிரை வைத்திருக்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து ஆள் வந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாடம் அடிக்கிறார். அதற்குள் லாடம் ஆடிவிடுகிறது, ஆணி இருந்த இடம் பெயர்கிறது. கொள்ளு, தவிடு, வெல்லம் கொடுக்கிறேன். லாடமில்லாமல் குளம்பைச் சீவியே வளர்க்கலாம் என்கிறார்கள். நானே செய்யலாமா?

பதில்: கழற்றலாம். ஆனால் உங்கள் குதிரையின் கோளாறு லாடத்தில் இல்லை, அந்த மூன்று மாத இடைவெளியில் இருக்கிறது. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். மூன்று மாதம் விட்டால் முனை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீண்டுவிடும். ஒவ்வொரு அடிக்கும் அந்த நீளம் கடப்பாரை போல நெம்பும். ஆணி பிடித்த சுவர் பெயராமல் என்ன செய்யும்? லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 4 முதல் 6 வாரத்துக்குள் சீவியாக வேண்டும்.

முதல் இரண்டு, மூன்று தடவை குதிரைக் குளம்பு தெரிந்தவர் கையால் நடக்கட்டும். பக்கத்தில் நின்று பாருங்கள். நம் பக்கம் லாடக்காரர்கள் பலரும் மாட்டுக்கு அடித்துப் பழகியவர்கள். கயிறு போட்டுச் சாய்த்து, பிளந்த குளம்புக்கு இரண்டு தகடு அடிப்பதில் கெட்டிக்காரர்கள். குதிரையின் அடியையும் தகடு உட்காரத் தட்டையாகச் செதுக்கிவிடுவார்கள். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். லாடமில்லாத குதிரைக்கு அந்த அடிப்பாகம்தான் செருப்பு.

காலைத் தூக்கி, கொக்கியால் மண்ணை எடுத்துவிட்டு உற்றுப் பாருங்கள். சுண்ணாம்புப் பொடி போல உதிர்வதை மட்டும் கத்தியால் சுரண்டலாம். மெழுகு போல மினுமினுக்கத் தொடங்கியதும் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். கட்டைவிரலால் அழுத்தும்போது அடி உள்வாங்கினால் அது மெலிந்திருக்கிறது, தொடவே வேண்டாம். பின்னாலிருந்து முக்கோணமாக வரும் ரப்பர் போன்ற பகுதியை ஃப்ராக் என்பார்கள். அது தரையில் பட்டு வேலை செய்ய வேண்டும். தொங்கும் கிழிசலை மட்டும் நறுக்கினால் போதும். கடைசியாக அரத்தால் வெளி விளிம்பைச் சற்று உருட்டிவிடுங்கள். கூர் விளிம்புதான் கல்லில் பட்டுத் தெறிக்கும். கை பழகிய பிறகு வாரம் ஒருமுறை இந்த விளிம்பு வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நம் கரிமண் கோடையில் கல்லாக இறுகும், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் காலைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தைவிடக் கெடுதல் மூத்திரமும் சாணமும் ஊறிய கொட்டில். ஃப்ராக்கின் பள்ளத்தில் கறுப்பாகக் கசிந்து நாறினால் அழுகல் தொடங்கிவிட்டது. நன்றாகக் கழுவி, துடைத்து, நீர்த்த பொவிடோன் அயோடினைப் பஞ்சில் வைத்துத் தடவுங்கள். கொட்டிலில் ஒரு மூலையாவது காய்ந்திருக்கட்டும்.

தீனிக்கு வருவோம். வெல்லத்தை இன்றே நிறுத்துங்கள். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு; அதைக் கைப்பிடி அளவாக்கிப் புல்லைக் கூட்டுங்கள். கொள்ளையும் அளவோடு வையுங்கள். பயோட்டின் என்ற வைட்டமினைத் தினம் 15 முதல் 20 மில்லிகிராம் கொடுத்தால் புதிதாக வளரும் குளம்பு தேறும், பழைய வெடிப்பு ஒட்டாது. குளம்பும் தோலும் சேரும் மயிர்க்கோட்டில் இன்று முளைப்பது முனையில் வந்து தரையைத் தொட 9 முதல் 12 மாதம் ஆகும். இந்த ஓணத்துக்குக் கழற்றினால் அடுத்த ஓணம்வரை பொறுமை வேண்டும்.

கழற்றிய புதிதில் சரளையில் நடக்கக் கூசும். தோப்பு மண்ணில் நடத்துங்கள். தினமும் தார் ரோட்டில் வண்டி இழுக்கிற குதிரையானால் லாடம் இருக்கட்டும் என்பேன், குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேய்ந்துவிடும். தத்தமங்கலத்துக் குதிரையோட்டத்தில் விடும் ஆசை இருந்தால் முதல் வருடம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. முன்னங்காலை நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நின்றால், குளம்பு சுட்டால், கணுக்காலின் பின்பக்க நாடி விரலில் துள்ளினால் அது குளம்பழற்சி. அரத்தைத் தொடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆணி குத்திய புண் இருந்தாலும் அப்படித்தான். டெட்டனஸ் குதிரையைச் சுலபத்தில் தாக்கும், ஊசி போட்டு எத்தனை நாளாயிற்று என்று முதலில் பாருங்கள்.