மூன்று டாக்டர், ஒரு பை மாத்திரை: கேள்வி பதில்

அரசு மருந்தகத்தில் முப்பது வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான். டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குடியாத்தம்: அப்பாவுக்கு 68. சுகருக்கு ஊர் டாக்டர், இதயத்துக்கு வேலூர், முட்டிக்குக் காட்பாடி. தினமும் 11 மாத்திரை. பத்து நாளாக விடிகாலையில் வியர்த்துக் கை நடுங்குகிறது. மூன்று பேருமே தங்கள் மாத்திரையால் இல்லை என்கிறார்கள்.

தம்பி, அவரவர் எழுதிய சீட்டை மட்டும் பார்த்தால் மூன்று பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும். எல்லா அட்டைகளையும் பாயில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. வேறு வேறு பெயருள்ள இரண்டு அட்டையில் கிளிமிபிரைடு என்று இருந்தால், ஒரே சுகர் மருந்து இரண்டு தடவை உள்ளே போகிறது. சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்தால் இப்படித்தான் வியர்த்து நடுங்கும். மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மருந்தோடு சேர்த்த கூட்டு மாத்திரையிலும் கிளிமிபிரைடு இருக்கும். என்னிடம் வந்த ஒரு பாட்டி, பச்சை அட்டை காலைக்கு, சிவப்பு அட்டை ராத்திரிக்கு என்று நிறத்தை வைத்தே கணக்கு வைத்திருந்தார். இரண்டும் ஒரே மருந்து!

நடுக்கம் வரும்போதே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே போயிருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அடுத்த வேளை சுகர் மாத்திரைக்கு முன்பே, பையோடு ஊர் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இதய மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

வாலாஜா: அம்மாவுக்கு பிபி மாத்திரையும், சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் நீர் மாத்திரையும் உண்டு. முட்டி வலிக்கு வேறு டாக்டர் டைக்ளோஃபெனாக் எழுதினார். சேர்த்துப் போடலாமா சார்?

கேட்காமல் போடாதீர்கள். டெல்மிசார்டன் மாதிரி பிபி மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், வயதானவர்களுக்கு இன்னும் அதிகமாக. முட்டி டாக்டரிடம் பழைய சீட்டைக் காட்டினீர்களா?

ஆம்பூர்: ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் முதலிலிருந்து டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். காசு பிடுங்கத்தானே?

எல்லாம் அப்படியில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், ரத்தத்தில் இருக்கும் உப்பான பொட்டாசியம், இரண்டும் சில நாளிலேயே மாறிவிடும். திரும்பப் பார்ப்பதில் நியாயம் உண்டு. ஆனால் எச்பிஏ1சி என்ற ரத்த டெஸ்ட் சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுவது. போன மாதம் எடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தால், 'இது போதுமா டாக்டர்?' என்று தயங்காமல் கேளுங்கள். ஸ்கேன் எடுத்தால் ஃபிலிமோடு சிடியையும் கேட்டு வாங்குங்கள்.

ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே கட்டிலோடு தொடங்கிய வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து ரயிலேறி வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? தேதிவாரியாக அடுக்கிய ஃபைல் மடியில் இருக்கும். நாம் அரை மணி நேரத்தில் பஸ்ஸில் வந்து, 'சீட்டு வீட்ல இருக்கு சார்' என்போம்.

ஆற்காடு: மருத்துவப் பதிவுகளை இணைக்கும் மத்திய அரசின் ஆபா எண் எடுத்துவிட்டேன். இனி எல்லா டாக்டருக்கும் என் விவரம் தெரியுமா?

தானாகத் தெரியாது. அந்த 14 இலக்க எண்ணோடு ஆஸ்பத்திரி உங்கள் பதிவை இணைத்திருக்க வேண்டும், பார்க்க நீங்களும் சம்மதம் தர வேண்டும். அதுவரை காகிதம்தான் துணை.

அணைக்கட்டு: அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தனியாரிடமும் வாங்குகிறோம். எது நல்லது அண்ணா?

எது என்பதை விட, இரண்டும் ஒரே மருந்தா என்று முதலில் பாருங்கம்மா. மாத்திரை கொண்டுவருகிறவரிடம் தனியார் சீட்டையும், தனியார் டாக்டரிடம் அரசு நோட்டையும் காட்டுங்கள். அப்புறம், பழைய ஈசிஜி தாளை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அந்த வழவழத் தாள் வெயில் பட்டால் வெளுத்துவிடும். நம்ம ஊர் வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்!