ஆடுகளத்தின் ஓரங்களில் நடப்பவை: சிறார் விளையாட்டுக் கழகங்களில் துன்புறுத்தல் குறித்த கேள்வி பதில்

கையுந்துப் பந்துப் பயிற்சியாளராக 18 ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது எங்கள் ஊர்க் கழகத்தில் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பை மட்டும் பார்த்துவருகிறேன். கழகங்களில் பிள்ளைகள் பிள்ளைகளைத் துன்புறுத்துவது பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுள் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களையும் ஊர்களையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஆசைப்பட்டுத்தான் கிரிக்கெட் பயிற்சியில் சேர்ந்தான். இரண்டு மாதமாகச் சனிக்கிழமை காலையானால் வயிற்று வலி என்கிறான். பயிற்சி இல்லாத நாளில் வலி இல்லை. கேட்டால் ‘ஒன்றுமில்லை அம்மா’ என்கிறான். நான் என்ன செய்வது?

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வலியைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள்; அச்சத்தால் வரும் வயிற்று வலியும் உண்மையாகவே வலிக்கும். அதன் பிறகு பயிற்சியைப் பற்றிக் கேட்காமல், பயிற்சிக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்: வேனில் அவனுக்கு எந்த இருக்கை கிடைக்கிறது, உடை மாற்றும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள், தண்ணீர் இடைவேளையில் யாரோடு உட்காருகிறான், நெட்ஸில் பந்து பொறுக்கும் வேலை எப்போதும் அவனுக்கே வருகிறதா. நான் பார்த்தவரையில் துன்புறுத்தல் ஆடுகளத்தின் நடுவில் நடப்பது அரிது, ஏனெனில் அங்கே பயிற்சியாளரின் கண் இருக்கிறது. எந்தப் பெரியவரின் பொறுப்பு என்று தெரியாத அந்தக் கால்மணி நேரங்களில்தான் அது குடியிருக்கிறது.

‘உன்னை யாராவது அடிக்கிறார்களா?’ என்று நேராகக் கேட்டால் ‘இல்லை’ என்பான். அது பொய்யாகவும் இருக்காது. அடிக்காமலே, பேசாமல் ஒதுக்கிவைத்தே ஒருவனை விரட்டிவிடும் குழுக்கள் உண்டு. அடிக்கடி காணாமற்போகும் கையுறை, கிழிந்த பை, மண் நிரம்பி வரும் ஷூ இவற்றைத் தேதியுடன் குறித்து வையுங்கள். அவன் சொல்லத் தொடங்கும்போது ‘நீயும் திருப்பி அடிக்க வேண்டியதுதானே’ என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டான். கழகத்தில் என்ன பேசப்போகிறீர்கள் என்பதை அவனிடம் சொல்லிவிட்டே பேசுங்கள்.

கேள்வி: கழகச் செயலாளராக இருக்கிறேன். பிள்ளைகளுக்குள் கிண்டல் இருக்கத்தான் செய்யும். எங்கே கோடு போடுவது?

நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் வகுத்த மூன்று அளவுகோல்கள் இன்றும் பயன்படுகின்றன: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத ஒருவருக்குச் செய்வது. மூன்றாவதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். சம பலமுள்ள இருவர் மாறிமாறிக் கேலி செய்தால் அது நட்பு. ஒருவன் மட்டுமே எப்போதும் கேலிக்கு ஆளாகி, மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்துத் தொலைக்க வேண்டியிருந்தால் அது வேறு. நிறத்தையும் உடல் பருமனையும் திக்குவாயையும் வைத்துச் சூட்டும் பட்டப்பெயரைப் பயிற்சியாளரே மைதானத்தில் கூவினால், பிள்ளைகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்ததாகிவிடும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அதை நீங்கள் கழகத்துக்குள் பேசி முடிக்க முயலாதீர்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவரானால், 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது.

கேள்வி: புகார் வந்ததும் இரு பையன்களையும் அழைத்துப் பேசி, கைகுலுக்க வைத்து அனுப்பினேன். ஒரே வாரத்தில் நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. எங்கே தவறினேன்?

அநேகமாக எல்லாப் பயிற்சியாளர்களும் செய்யும் தவறு இது, நானும் செய்திருக்கிறேன். சண்டை போட்ட இருவரைச் சமாதானப்படுத்தலாம். ஆனால் இங்கே நடந்தது சண்டை அன்று. பலவீனமானவன், எதிரே நிற்பவன் மீதுள்ள பயத்தோடும் உங்கள் மீதுள்ள மரியாதையோடும் கையை நீட்டுகிறான்; அன்று மாலையே அவனுக்குக் ‘கோள்மூட்டி’ என்ற பெயரும் சேர்ந்துவிடுகிறது.

இருவரையும் தனித்தனியே கேளுங்கள், பாதிக்கப்பட்டவனை முதலில். தனியே என்றால் கதவைச் சாத்திய அறை அன்று. மற்றொரு பெரியவர் பார்க்கக்கூடிய இடம். அவன் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்து, அன்றே இரு வீட்டாருக்கும் தகவல் சொல்லுங்கள். துன்புறுத்தியவனிடம் ‘ஒழுங்காக இரு’ என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எந்தச் செயல் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் எத்தனை ஆட்டங்களில் வெளியே உட்கார வேண்டும் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். அவன் அணியின் முதன்மைப் பந்துவீச்சாளனாக இருந்து, ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டியும் இருந்தால், அன்றைக்குத்தான் உங்கள் கழகத்தின் விதி உண்மையா பொய்யா என்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியவரும். பாதிக்கப்பட்டவனை வேறு நேரத்துக்கோ வேறு குழுவுக்கோ மாற்றாதீர்கள். அவனே கேட்டாலன்றி, அது அவனுக்குக் கொடுக்கும் தண்டனை. ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் மீண்டும் அவனிடம் கேளுங்கள்.

கேள்வி: நாங்களெல்லாம் சீனியர்களின் பையைத் தூக்கித்தான் ஆட்டம் கற்றோம். அதனால்தானே மனம் உறுதிப்பட்டது?

பையைத் தூக்கியவர்களில் தங்கியவர்கள் சொல்லும் கணக்கு அது. பாதியில் மட்டையை வைத்துவிட்டுப் போனவர்களை யாரும் கேட்பதில்லை. ஐபிஎல் அணியில் ஆடிய யுஸ்வேந்திர சாஹல், 2013 இல் குடிபோதையிலிருந்த சக வீரர் ஒருவர் தன்னை 15 ஆவது மாடியின் பால்கனியிலிருந்து தொங்கவிட்டதை 2022 இல்தான் பொதுவெளியில் சொன்னார். வளர்ந்த, தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவருக்கே அதைச் சொல்ல 9 ஆண்டுகள் ஆயின என்றால், 12 வயதுப் பையன் அடுத்த சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுவான் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

கேள்வி: எனக்கு 14 வயது. எங்கள் வேனில் ஒரு சின்னப் பையனைத் தினமும் அழ வைக்கிறார்கள். சொன்னால் என்னையும் செய்வார்கள் என்று பயமாக இருக்கிறது, ஐயா.

தம்பி, பயப்படுவது தவறே இல்லை. நீ அவர்களோடு மோத வேண்டாம். நாளை அந்தப் பையனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து வேறு ஏதாவது பேச்சுக் கொடு. சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரிக்காதே. பிறகு நீ நம்பும் ஒரு பெரியவரிடம் சொல், உன் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள். யாரும் கேட்கவில்லையென்றால் 1098 என்ற எண்ணுக்கு நீயே பேசலாம். அது குழந்தைகளுக்கான இலவச எண், இரவும் பகலும் எடுப்பார்கள்.

கேள்வி: என் மகன்தான் மற்றவர்களை வதைக்கிறான் என்று கழகத்திலிருந்து சொல்கிறார்கள். வீட்டில் அவன் அப்படி இல்லையே?

இருக்கலாம், பிள்ளைகள் இடத்துக்கு ஒரு முகம் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அவனைப் பெல்ட்டால் அடிக்காதீர்கள், வலியவன் எளியவனை அடிக்கலாம் என்ற பாடத்தையே அது உறுதிசெய்யும். அவனை வேறு யாராவது அப்படி நடத்துகிறார்களா என்றும் விசாரியுங்கள். கழகம் விதித்த தடையைக் குறைக்கச் சொல்லிப் பரிந்து பேசப் போகாதீர்கள்.

கேள்வி: உடை மாற்றும்போது எடுத்த ஒரு சிறுமியின் படம் அணியின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. நீக்கச் சொல்லிவிட்டோம். போதுமா?

போதாது. அது போக்சோ சட்டத்தின் (2012) கீழ் வரக்கூடிய குற்றம். தெரிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதையும் அந்தச் சட்டம் குற்றமாக்குகிறது. ஆதாரம் என்று சொல்லிக்கூட அந்தப் படத்தை மற்றவருக்கு அனுப்பாதீர்கள். யார், எப்போது பதிவிட்டார் என்பதை எழுதிக்கொண்டு, சிறுமியின் பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, அன்றே காவல் நிலையம் செல்லுங்கள்.

கேள்வி: துன்புறுத்துபவர் பயிற்சியாளராகவே இருந்தால்?

பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டம் (2009) தடைசெய்கிறது. 1997 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமும் கல்வி நிறுவனங்களுக்கானதே. மைதானத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் தனியார் கழகம் இவற்றுக்கு வெளியே நிற்கிறது என்பதால், தட்டிக் கேட்க வழியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சிறார் நீதிச் சட்டத்தின் (2015) 75 ஆவது பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைக் கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. குழந்தைகளின் பராமரிப்பு ஒப்படைக்கப்பட்ட அமைப்பில் பணிபுரிபவராக இருந்தால் 5 ஆண்டுகள் வரை. கழக நிர்வாகம் கேட்காவிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

கேள்வி: எங்களுடையது 30 பிள்ளைகள் உள்ள சிறிய கழகம், பணமும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

ஒரு தாளும் ஒரு நாற்காலியும் போதும். தாளில் எவையெல்லாம் கூடாது, யாரிடம் சொல்லலாம், சொன்னால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, சேரும் நாளிலேயே பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கையெழுத்து வாங்குங்கள். சொல்வதற்கு உரியவர் தலைமைப் பயிற்சியாளராக இருக்கக் கூடாது, ஏனெனில் அணித் தேர்வு அவர் கையில் இருக்கிறது. ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் இருந்தால் நல்லது. நாற்காலியை உடை மாற்றும் அறையின் வாசலுக்கு வெளியே போட்டு, பயிற்சிக்கு முன் கால்மணி, பின் கால்மணி, முறைவைத்து ஒரு பெற்றோரை உட்காரச் சொல்லுங்கள். அவர் உள்ளே போக வேண்டியதில்லை, கைப்பேசியைப் பையில் வைத்திருந்தால் போதும்.

எங்கள் கழகத்தில் அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் பூ கட்டும் ஒரு பாட்டி. மூன்றாவது நாளே எந்தப் பையன் கடைசியாக வெளியே வருகிறான், ஏன் வருகிறான் என்பதை எனக்குச் சொல்லிவிட்டார்.